நீலகிரி அரசுப் பள்ளிகள்: சட்டமும் பணமும் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகாவிலும் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஹட்டியில் (படுகர் ஊரில்) இருப்பவர், எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருப்பவர், காட்டோரப் பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்) இருப்பவர் எல்லோருக்கும் சட்டம் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் மலையேறி வரும்போது எங்கே சிக்கிக்கொள்கிறது என்று தெரிந்தால்தான் கேட்டு வாங்க முடியும். அதனால் எண்களையும் ஆண்டுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். அது மாநில பட்ஜெட்டிலிருந்து வருகிறது. பாடப்புத்தகம், சீருடை, காலை உணவு ஆகியவையும் பெரும்பாலும் மாநில அரசின் செலவே. சத்துணவுச் செலவில் ஒன்றிய அரசுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது, சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். 2018-ல் பழைய அனைவருக்கும் கல்வித் திட்டத்தையும் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒன்றாக்கி உருவாக்கினார்கள். இதில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர், ஆசிரியர் பயிற்சி, பள்ளி மானியம், தொலைதூரக் குழந்தைகளுக்கான வாகனச் செலவு ஆகியவை இந்தப் பையிலிருந்துதான்.

கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை போன்றவற்றுக்கு வேறு வழிகளும் உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் என மூன்று தொகுதிகள். மலைப்பகுதிக்கென்றே தனியாக வந்த பழைய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் இடத்தில் இப்போது சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. மனுவில் 'நிதி ஒதுக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த நிதி என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள். பெயர் இல்லாத மனு ஒவ்வொரு மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒன்றிய அரசு பணத்தை நிறுத்திவிட்டது என்கிறார்களே, அது என்ன?

1976 வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 42-வது அரசியலமைப்புத் திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. இன்றைய இழுபறிக்கு வேர் அங்கே இருக்கிறது.

2022-ல் ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டம் வந்தது. அதில் சேரும் மாநிலம் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுவதும் நடைமுறைப்படுத்துவதாக ஒப்பந்தம் போட வேண்டும். அந்தக் கொள்கையில் உள்ள மும்மொழித் திட்டத்தை ஏற்காத தமிழ்நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதைக் காரணம் காட்டி, 2024-25-ம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டது.

இது ஏதோ டெல்லி, சென்னை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். யானை நடமாடும் பாதையில் பிள்ளைகளை ஏற்றிவரும் ஜீப்புக்கான பணம் அந்தப் பையில்தான் இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் சிறப்பாசிரியரின் மாதச் சம்பளமும் அதில் இருக்கிறது. கொள்கையில் இரண்டு அரசுகள் மோதலாம், நீதிமன்றம் போகலாம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பிள்ளைகளின் பணத்தை அதற்குப் பிணையாகப் பிடித்துவைப்பது அநியாயம் என்பதே என் எண்ணம்.

எங்கள் பள்ளியில் 28 பிள்ளைகள்தான். எச்.எம். கேட்டால் 'மானியம் பத்தாயிரம்தான்' என்கிறார். உண்மையா?

உண்மைதான். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தரப்படுகிறது. 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 30-க்கு மேல் 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கும் மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும்.

மலையில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 31 பிள்ளைகள் இருந்தால் 25,000. இரண்டு குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலை தேடி இறங்கிப்போய்விட்டால், அடுத்த ஆண்டு அதே பள்ளிக்கு 10,000. ஓட்டை அடைக்க வேண்டிய கூரை அதேதான், மழை அதேதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலா, பந்தலூர் பக்கம் பெய்கிற மழையில் சுவர் பாசி பிடித்துவிடும், சுவிட்ச் போர்டில் ஈரம் இறங்கும். பத்தாயிரத்தில் சுண்ணக்கட்டி, பதிவேடு, பினாயில், துடைப்பம், பல்பு, மின்சாரத்துக்கான சில்லறைச் செலவு எல்லாம் போக, இரண்டு தகர ஷீட் மாற்றவே யோசிக்க வேண்டும். சமவெளியில் ஒரே தெருவில் நூறு பிள்ளைகள் கிடைப்பார்கள். இங்கே ஒரு ஹட்டிக்கும் அடுத்த ஹட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. மலைப்பகுதிக்குத் தலைக்கணக்கு இல்லாமல் பள்ளிக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படைத் தொகை வேண்டும். இதைக் கிராம சபைத் தீர்மானமாகவே போடலாம், போட வேண்டும்.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களா?

எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் மூடிவிட்டு, பிள்ளையை எங்கோ தூரத்துக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். கரடுமுரடான நிலம், மண்சரிவு, சாலை இல்லாமை போன்ற ஆபத்து இருக்கும் இடங்களில் அந்தத் தூரத்தை இன்னும் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் விதிகள் சொல்கின்றன. மிகச் சிறிய குடியிருப்பு என்றால், பள்ளி இல்லாவிட்டாலும் இலவச வாகனமோ தங்கிப் படிக்க இடமோ தந்தாக வேண்டும்.

ஆகவே 'பக்கத்துப் பள்ளியோடு இணைக்கிறோம்' என்று யாராவது சொன்னால், முதலில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் எண்ணூறு மீட்டர் என்று காட்டும் இடம், கீழே ஓடைக்கு இறங்கி மறுபக்கம் ஏறினால் இரண்டு கிலோமீட்டர் வரும். அந்தப் பாதையை, அதில் இருக்கும் ஓடையை, சோலையை, யானைத் தடத்தை எழுதி, பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள்.

அப்புறம், பிள்ளை ஒன்றுகூட இல்லாமல் போனால் நிலைமை வேறு. 2019-ல் அப்படி ஒருவரும் சேராத பள்ளிகளை நூலகமாக மாற்றுவதாக அரசு அறிவித்தது நினைவிருக்கும். ஐந்து பிள்ளைகள் இருக்கும்போதே பேசுவதுதான் நல்லது.

தூரத்துப் பிள்ளைகளுக்கு வாகனம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். அரசுப் பேருந்தில் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்தே போகாத இடத்துக்கு, சமக்ர சிக்ஷாவில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை வாகனச் செலவோ துணைக்கு ஆள் அனுப்பும் செலவோ தர வழி இருக்கிறது. முன்பு எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. பிறகு ஒன்பது, பத்து படிப்பவர்களுக்கும் விரித்தார்கள்.

ஆண்டுக்கு ஆறாயிரம் என்றால், பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குக் கணக்கிட்டால் மாதம் 600. முதுமலை ஓரத்திலிருந்து மண்பாதையில் இறங்கும் ஜீப்புக்காரர் டீசல் கணக்குப் போட்டால் எட்டுப் பத்துப் பிள்ளைகளாவது ஏறினால்தான் கட்டுப்படியாகும். மூன்று பிள்ளைகள் மட்டும் இருக்கும் பாடிக்கு யாரும் வர மாட்டார்கள். அங்கெல்லாம் துணை ஆள் முறைதான் கைகொடுக்கும். அந்தப் பாடியிலேயே இருக்கும் ஒரு அக்காவையோ அண்ணனையோ போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லலாம். காட்டுப் பாதை அறிந்தவர், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துத் திரும்பத் தெரிந்தவர். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் நடுவில் படிப்பை விடாமல் இருக்க இதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்தான். இது சட்டப்படி சரியா?

சட்டப்படி சரி, அதுதான் வருத்தம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. எத்தனை வகுப்பு என்று அது பார்ப்பதில்லை. இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால், ஒரே அறையில் ஐந்து வகுப்பும் உட்கார்ந்திருக்கும்.

காலிப் பணியிடம் இருந்தால் அது வேறு பிரச்சினை. நீலகிரிக்கு வந்த ஆசிரியர் பலர் மேட்டுப்பாளையம், கோவை பக்கம் இடமாற்றக் கலந்தாய்வில் இறங்கிவிடப் பார்க்கிறார்கள். குளிர், வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு, குறை சொல்ல முடியாது. காலியிடத்தில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்த 2022-ல் அரசு அனுமதித்தது. தொடக்கத்தில் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று வைத்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். உள்ளூரிலேயே படித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குழு சுறுசுறுப்பாக இருந்தால் இது நடக்கும்.

மேலாண்மைக் குழுவில் என் பெயர் இருக்கிறது. கையெழுத்து போடுவதைத் தவிர எனக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய்மார் இல்லை. உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது, நிறைய அதிகாரமும் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் எல்லா அரசுப் பள்ளியிலும் 20 பேர் கொண்ட குழுவாகச் சீரமைத்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் ஒரு பெற்றோர். எச்.எம். தலைவர் அல்ல. தேயிலை பறித்துவிட்டு அப்படியே வரும் அம்மாதான் நாற்காலியில் உட்கார வேண்டியவர்.

பள்ளிக்கு வரும் மானியம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று பார்ப்பது குழுவின் கடமை. அடுத்து பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் ஏறினால்தான் மேலே போகும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கூட்டம் நடந்தபோது பக்கத்தில் இருந்தேன். 'கழிப்பறை வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பாட்டி எழுந்து, 'கழிப்பறை இருக்குதே கண்ணு, தண்ணிதான் இல்ல. ஊத்துலருந்து பைப்பு வெயில்ல வெடிச்சுக் கிடக்கு' என்றார். உடனே வரியை மாற்றி, எத்தனை அடி குழாய், எந்த ஊற்று, எந்த ஊராட்சி என்று எழுதினார்கள். அப்படி எழுதிய வேண்டுகோளை ஊராட்சிச் செயலாளரால் 'பார்க்கலாம்' என்று தள்ளிவிட முடியாது.

நேரம் பெரிய பிரச்சினை. கூட்டம் பகலில் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். எஸ்டேட் பகுதிப் பள்ளிகள் மாலையில் கூட்டம் வைக்கத் தீர்மானம் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம், தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா?

இந்த முடிவை எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் அழுது பயனில்லை.

2020-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டப்படி, நீட் எழுதித் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்தா உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் அது செல்லும் என்றது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் 7.5 சதவீதம் வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நிபந்தனை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத் துறைப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. சம்பளம் அரசே கொடுத்தாலும் வராது. நம் மாவட்டத்தில் நல்ல பெயருள்ள உதவிபெறும் பள்ளிகள் பல இருக்கின்றன. கூலித் தொழிலாளியின் பிள்ளைகள்தான் அங்கேயும் படிக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டது எனக்கு ஏற்பாக இல்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான். நடுவில் ஒரே ஒரு வருடம் கட்டணம் கட்டித் தனியாரில் போட்டுவிட்டு வந்தாலும் உரிமை போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

உயர்கல்வி படிக்கும்போது கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை விஷயத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. 2022-ல் மாணவிகளுக்காகத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024-ல் ஆண் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம் நமக்குக் கிடைக்குமா?

வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளி இருந்தால் விண்ணப்பிக்கலாம். நலிந்த பிரிவினருக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே கான்வென்ட்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வருவதால், மலையில் உண்மையில் கிடைக்கும் இடம் குறைவு. நிதிச் சிக்கலால் 2025-ல் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது.

காலை உணவு எல்லாப் பிள்ளைக்கும் உண்டா? ஸ்வெட்டர்?

ஒன்று முதல் ஐந்து வரை உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்து, பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. கொழுந்து பறிக்கும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எட்டு மணிக்குள் காட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை வெறும் கட்டன் டீயோடு பள்ளிக்கு வந்த காலம் போய், சூடாக உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு உட்காருகிறது. மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். சரியில்லை என்றால் அவர்களிடமே நேரில் சொல்லுங்கள், குழுவிலும் பதிவு செய்யுங்கள்.

மலைப்பகுதியில் சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை தர அரசின் திட்டம் இருக்கிறது. மழை முடிந்தபிறகு மழைக்கோட்டு வந்து பயனில்லை. ஜூனுக்கு முன்பே கேளுங்கள்.

டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை வயதுச் சான்று இல்லை, டி.சி. வரவில்லை என்று மறுக்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. காய்கறித் தோட்டத்துக்கும் எஸ்டேட்டுக்கும் ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமைதான். பக்கத்து லைனில் அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் நீங்களே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுங்கள்.

எஸ்டேட் நிர்வாகத்துக்குப் பள்ளி விஷயத்தில் பொறுப்பு உண்டா?

உண்டு. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14-வது பிரிவு, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் தொழிலாளர் பிள்ளைகள் 25-க்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்துதரச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்றது. அந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, ஆனால் 25 பிள்ளைகள் என்ற அந்த வரி அதிலும் இருக்கிறது. எஸ்டேட் பள்ளியைக் கைவிடப் பார்க்கிறார்கள் என்றால் தொழிற்சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் துறைக்கும் எழுதுங்கள். கல்வித் துறைக்கு மட்டும் எழுதினால் பாதி வேலைதான் நடக்கும்.

பாஸ், ஃபெயில், பொதுத் தேர்வு பற்றி என்ன முடிவு?

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. நீதியரசர் முருகேசன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வு நீங்கியது. இருமொழிக் கொள்கை தொடர்கிறது.

பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை கட்டக் கேட்டால் 'இது காட்டு நிலம்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். வழியே இல்லையா?

வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை போன்ற அரசு நடத்தும் வசதிகளுக்காக ஒரு ஹெக்டேருக்குள் வன நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்பழங்குடிகளும் வாழும் மாவட்டம் இது. அவர்களின் ஊர்கள் பலவற்றுக்குத் தேவைப்படும் பிரிவு இதுதான்.

செய்ய வேண்டியது: மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். நிலத்தின் சர்வே எண், தேவைப்படும் பரப்பு, அதில் எத்தனை மரம் நிற்கிறது என்று எழுதி, வன உரிமைக்கான கிராம சபையில் வையுங்கள். கிராம சபைத் தீர்மானத்தோடு கல்வித் துறை விண்ணப்பமாக மாவட்ட வன அலுவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் எடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிவையுங்கள். மனு எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால், 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: மனு எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் போனது, அவர் என்ன குறிப்பு எழுதினார், அந்தக் குறிப்பின் நகல் தருக.